ஓதம் காட்டும் கடிகாரம்

கடிகாரம் கதிரவனைப் பின்பற்றுவது. கடலோ திங்களைப் பின்பற்றுவது. சுவரில் தொங்கும் கடிகாரமாயினும், கையில் கட்டும் கடிகாரமாயினும், 24 மணி நேரத்தையே ஒரு நாள் எனக் கொண்டு சுழல்கிறது. கடலின் நாள் அதனினும் ஏறக்குறைய 50 நிமிடம் நீண்டது. இன்று காலை 7 மணிக்குக் கரை முட்டப் பெருகிய கடல் நாளைக் காலை 7 மணிக்கு அந்நிலையை எய்துவதில்லை, 7.50 ஆகும். நாளை மறுநாள் 8.40 ஆகும். இவ்வாறு நாள்தோறும் பின்தங்கிப் பின்தங்கி, அரைத் திங்கள் கழிந்த பின்னரே மீண்டும் ஏறக்குறைய அதே நேரத்துக்கு வந்து சேரும்.

இவ்வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாத மாலுமியின் மரக்கலம் ஆற்று முகத்து மணலில் தட்டி நிற்கும். அதைக் கணக்கிட்டவனோ அதே நீரின்மீது ஏறித் துறை சேர்வான். ஆதலால்தான் கடலோடிகளுக்கென்று செய்யப்படும் கைக்கடிகாரங்களுள் சிலவற்றில், மணி முள், நிமிட முள் ஆகியவற்றோடு ஓதத்தைக் காட்டும் தனி வட்டம் ஒன்றும் அமைந்திருக்கிறது. படகுப் பந்தயத்தில் புறப்படும் வேளையை எண்ணிக் காட்டும் கடிகாரம் வேறு, இது வேறு. உள்ளங்கையில் பாதியும் இல்லாத இக்கருவிக்குள் கடல் எவ்வாறு நுழைந்தது? அதன் வரலாறு அரசர் பலரின் வரலாற்றினும் நீண்டது. அவர்கள் சிலரின் தோல்வியையும் உள்ளடக்கியது.

ஓதத்தின் இயல்பு

வரலாற்றுக்குள் புகுமுன் ஓதத்தின் இயல்பைச் சுருக்கமாக அறிந்து கொள்வது நன்று. கடல்நீர் ஒழுங்காக ஏறி இறங்குவதே ஓதம். ஏறி நிற்கும் நிலை உயர் ஓதம். இறங்கி நிற்கும் நிலை தாழ் ஓதம். மலாய் மொழியில் ஏற்றத்தைப் ‘பாசாங்’ என்றும் இறக்கத்தைச் ‘சூருட்’ என்றும் வழங்குவர். பெரும்பாலான கரைகளில் ஓர் உயர் ஓதத்திற்கும் அடுத்ததற்கும் இடையே சராசரியாக 12 மணி 25 நிமிடம் செல்லும். பூமி தன்னைத்தானே ஒரு முறை சுற்றி முடிப்பதற்குள் சந்திரனும் தன் வழியில் சற்றே முன்னேறிவிடுகிறது. ஆதலால் ஓர் இடம் மீண்டும் சந்திரனுக்கு நேராக வருவதற்கு 24 மணி 50 நிமிடம் ஆகிறது.

கதிரவனுக்கும் இதில் பங்கு உண்டு. ஆயினும் அது சந்திரனின் பங்கில் பாதிக்கும் குறைவே. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இருவர் ஈர்ப்பும் ஒரே கோட்டில் சேர்வதால், அந்நாட்களை ஒட்டிக் கடல் மிக உயர்ந்து மிகத் தாழும். இதைப் பேரோதம் எனலாம். அரைநிலா நாட்களில் ஒன்றன் ஈர்ப்பை மற்றது ஓரளவு குறைத்து விடுவதால் ஏற்ற இறக்கம் சிறுத்துவிடும். இது சிற்றோதம். இவ்விரண்டையும் அறியாதவர் கடலில் பட்ட பாட்டிலிருந்தே இவ்வரலாறு தொடங்குகிறது.

அறியாமைக்குக் கொடுத்த விலை

கி.மு. 325-ஆம் ஆண்டில் மாவீரன் அலெக்சாந்தரின் கப்பற்படை சிந்து நதியின் முகத்துவாரத்தை அடைந்தது. மாசிடோனியர் பழகியது மத்தியதரைக் கடல். அங்கே பெரும்பாலும் ஓதம் மிகச் சிறிது. எனவே, நங்கூரமிட்டிருந்த கப்பல்களைத் தரையில் கிடத்திவிட்டு நீர் விலகிச் சென்றபோது படையினர் திகைத்தனர். அதே நீர் சில மணி நேரத்தில் பெருகித் திரும்பியபோது திகைப்பு அச்சமாயிற்று. சேற்றில் நன்றாக அமர்ந்திருந்த கப்பல்கள் தீங்கின்றி மிதந்தன. ஒழுங்காக அமராதவை ஒன்றோடொன்று மோதியும் கரையில் மோதியும் சிதைந்தன என்று வரலாற்றாசிரியர் ஆரியன் எழுதுகிறார்.

கி.மு. 55-ஆம் ஆண்டில் ரோமானியத் தளபதி ஜூலியஸ் சீசர் பிரிட்டனில் இறங்கினார். அன்றைக்குச் சில நாட்களில் பௌர்ணமி வந்தது. பௌர்ணமியில் அக்கடல் மிக உயரும் என்பதை ரோமானியர் அறிந்திருக்கவில்லை. கரைமேல் இழுத்து வைத்த போர்க்கப்பல்களில் நீர் நிரம்பியது. நங்கூரமிட்டு நின்ற சுமைக்கப்பல்களைப் புயல் அலைக்கழித்தது. பன்னிரண்டு கப்பல்கள் அழிந்தன என்று சீசரே தம் நூலில் குறித்திருக்கிறார். அன்றைய உலகின் தலைசிறந்த படைக்கு, அக்கரையில் மீன் பிடித்தவன் அறிந்திருந்த செய்தி தெரியாமற் போயிற்று.

இதற்கு மாறான காட்சி ஒன்றை இந்தியாவின் மேற்குக் கரையில் காணலாம். கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் அறியப்படாத கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய ‘செங்கடல் செலவு’ என்னும் நூல், தமிழகத்து முசிறி, தொண்டி ஆகிய துறைகளோடு நர்மதை ஆற்று முகத்திலுள்ள பரூச் துறையையும் விவரிக்கிறது. அங்கே ஓதம் மிகக் கொடியது. அமாவாசையை ஒட்டி அதன் வேகம் பெரிது. ஆகவே, அந்நாட்டு அரசனின் பணியிலிருந்த உள்ளூர் மீனவர்கள் படகுகளில் வெகுதூரம் வந்து அயல்நாட்டுக் கப்பல்களை எதிர்கொண்டனர். நீர் ஏறும்போது இழுத்துச் செல்வதும், இறங்கும்போது குறித்த இடங்களில் நிறுத்தி வைப்பதுமாகத் துறை சேர்த்தனர். அவர்களிடம் கடிகாரம் இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கண்ட பழக்கமே கடிகாரமாக இருந்தது.

இரண்டு நாழிகைக் கணக்கு

பழக்கத்தைக் கணக்காக மாற்றியவருள் சிறப்பாகக் குறிப்பிடத் தக்கவர் வட இங்கிலாந்தில் ஜேரோ மடத்துத் துறவியான பீட் என்பவர். காலக் கணிதம் பற்றி 725-ஆம் ஆண்டில் அவர் முடித்த நூலில் ஓதத்திற்கென்று ஓர் இயலை ஒதுக்கினார். சந்திரன் நாள்தோறும் பின்தங்கும் அளவிலேயே ஓதமும் பின்தங்குகிறது என்பது அவர் கூறிய முதற் செய்தி. அவர் கொண்ட அளவு ஏறக்குறைய 48 நிமிடம்.

இவ்வெண் தமிழருக்கு அயலானதன்று. நாளை 60 நாழிகையாகப் பகுத்த நம் முன்னோர் கணக்கில் ஒரு நாழிகை 24 நிமிடம். ஆகவே 48 நிமிடம் என்பது இரண்டு நாழிகை, அதாவது ஒரு முகூர்த்தம். இதை ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றார் என்று கொள்ள வேண்டுவதில்லை. சந்திரன் ஒரு சுற்று முடிக்கும் காலத்தை 30 நாளாகக் கொண்டு, ஒரு நாளின் 24 மணியை முப்பதால் வகுத்தால் எவருக்கும் இந்த விடையே கிடைக்கும். உண்மையில் அச்சுற்று ஏறக்குறைய 29½ நாளே. இன்றைய கணக்கோ 48 நிமிடத்தினும் சற்றே மிகுந்து ஏறக்குறைய 50 நிமிடம் ஆகிறது.

பீட் கூறிய இரண்டாவது செய்தி முதலாவதினும் முக்கியமானது. ஒரே கடற்கரையிலும் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் நீர் பெருகுவதில்லை. ஓரிடத்தில் பெருகத் தொடங்கும்போது வேறோரிடத்தில் வற்றத் தொடங்கியிருக்கும். ஆயினும் அந்தந்த இடத்துக்கும் சந்திரனுக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய மாறாது நிற்கும் என்றார் அவர். சந்திரன் உச்சியைக் கடந்து எவ்வளவு நேரத்துக்குப் பின் உயர் ஓதம் வரும் என்பது ஒவ்வொரு துறைக்கும் உரிய தனி எண். அதை எந்த வானநூலைப் புரட்டியும் அறிய முடியாது. அத்துறையில் நின்று பார்த்தே அறிய வேண்டும். ஓதக் கடிகாரத்தின் உயிர்நிலை இந்த எண்ணே ஆகும்.

ஏட்டில் ஏறிய ஓதம்

துறைக்குத் துறை நின்று பார்த்தவர்கள் அதை எழுதியும் வைத்தனர். சீனத்தில் ஹாங்சௌ நகரை ஒட்டிப் பாயும் சியாந்தாங் ஆற்றில் ஓதம் சுவர் போல் எழுந்து ஆற்றை எதிர்த்து ஓடிவரும். அதன் வாயிற்பட்ட படகு தப்புவது அரிது. 1056-ஆம் ஆண்டில் லூ சாங்மிங் என்பவர் அவ்வோதம் வரும் வேளைகளை நாள்வாரியாகக் காட்டும் அட்டவணை ஒன்றை அங்கே வகுத்தார். இங்கிலாந்தில் 13-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஏடு ஒன்று லண்டன் பாலத்தில் நீர் பெருகும் நேரத்தைச் சந்திரனின் வயது நாள் ஒவ்வொன்றுக்கும் தருகிறது. ஒரு நாளுக்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாடு அதிலும் 48 நிமிடமே.

ஏடு படித்தவர்க்கு உதவும், படியாத மாலுமிக்கு? அவனுக்காக உழைத்தவர் பிரான்சு நாட்டுப் பிரிட்டனி மாநிலத்தைச் சேர்ந்த கியோம் புரூஸ்கோன். அவர் 1540-களில் அச்சிட்ட சிறு பஞ்சாங்கத்தில் கடற்கரைப் படம் இருந்தது. ஒவ்வொரு துறையிலிருந்தும் ஒரு கோடு திசைகாட்டி வட்டத்துக்குச் செல்லும். 32 திசைகளாகப் பகுத்த அவ்வட்டத்தில் ஒரு திசைக்கு 45 நிமிடம். நாளொன்றுக்கு ஒரு திசை தள்ளி எண்ணினால் அன்றைய உயர் ஓத வேளை கிடைத்துவிடும். எழுத்தறியாதவனும் விரலால் தொட்டுப் பார்த்து ஓதத்தை அறிந்தான். மாலுமியின் மடியில் கிடந்த அப்புத்தகமே, ஒரு வகையில், முதல் ஓதக் கைக்கடிகாரம் எனலாம்.

கோபுரத்தில் ஒரு பச்சை நாகம்

அட்டவணையில் இருந்ததைப் பற்சக்கரத்துக்கு மாற்றுவது அடுத்த படி. சந்திரனின் வளர்பிறை தேய்பிறையைக் காட்டும் வட்டு 29½ நாளில் ஒரு முறை சுழல்கிறது. அவ்வட்டின் ஓரத்தில் ஒரு துறையின் உயர் ஓத மணிகளை எழுதிவிட்டால், பிறை காட்டும் கடிகாரமே ஓதம் காட்டும் கடிகாரமாகிவிடும். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் பிரிட்டனின் துறைமுக நகரங்களில் வாழ்ந்த வணிகர் சிலரின் இல்லங்களில் இத்தகைய நெடுங்கடிகாரங்கள் நின்றன.

இவற்றுள் புகழ்பெற்றது கிங்ஸ் லின் நகரத்துப் புனித மார்கரெட் தேவாலயக் கோபுரத்தில் உள்ள கடிகாரம். 1683-ஆம் ஆண்டில் தாமஸ் டியூ என்பவர் அமைத்தது. அதன் முகப்பில் எண்களுக்குப் பதிலாகப் பன்னிரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும்; சேர்த்துப் படித்தால் ‘லின் உயர் ஓதம்’ என்று பொருள்படும். முள்ளுக்குப் பதிலாகச் சிறகுடைய பச்சை நாகம் ஒன்று அடுத்த உயர் ஓத வேளையைச் சுட்டிக்காட்டும். அந்நகரம் ஆற்றுத் துறை. மரக்கலங்கள் நீர் ஏறும்போதுதான் வரவும் போகவும் இயலும். ஆகவே வணிகன், மாலுமி, சுமை தூக்குவோன் ஆகிய அனைவரும் அந்நாகத்தை அண்ணாந்து பார்த்துத் தம் வேலையைத் திட்டமிட்டனர்.

அக்கடிகாரத்தில் ஊரின் பெயரே எழுதப்பட்டிருப்பதை ஊன்றி நோக்க வேண்டும். லின் நகரத்து ஓதத்தை அது காட்டும்; லண்டன் ஓதத்தைக் காட்டாது. லண்டன் பாலத்துக்கென்று செய்த கடிகாரம் பிரிஸ்டல் துறையில் பொய் சொல்லும். மணியைக் காட்டும் கடிகாரத்தை எங்கும் எடுத்துச் செல்லலாம். ஓதக் கடிகாரமோ தான் பிறந்த ஊரைவிட்டு நகர முடியாத ஒன்றாக இருந்தது.

டோங்கின் கரையில் ஒரு வியப்பு

இக்காலத்திலேயே தென்கிழக்காசியக் கடலிலிருந்து ஐரோப்பிய அறிஞருக்கு ஒரு புதிர் சென்றது. இன்றைய வியட்நாமின் வடபகுதியான டோங்கினில் தங்கியிருந்த பிரான்சிஸ் டேவன்போர்ட் என்னும் ஆங்கிலேயர், அங்கே நாளொன்றுக்கு ஒரே ஓர் உயர் ஓதம்தான் வருகிறது என்றும், மாதத்தில் சில நாட்கள் நீர் ஏறுவதோ இறங்குவதோ புலப்படுவதில்லை என்றும் எழுதினார். 1684-இல் வானநூல் அறிஞர் ஹாலியின் குறிப்போடு அது லண்டனில் வெளியாயிற்று. நாளைக்கு இருமுறை என்பது கடலின் மாறா விதி என்று நம்பியிருந்தவர்க்கு இது பேரதிர்ச்சி.

1687-இல் ஐசக் நியூட்டன் வெளியிட்ட ‘பிரின்சிப்பியா’ என்னும் பெருநூல் ஓதத்தின் காரணத்தை ஈர்ப்பு விதியால் விளக்கியது. அதில் டோங்கின் புதிருக்கும் விடை தேடினார். சீனக் கடலிலிருந்து ஓர் ஓதமும், போர்னியோவுக்கும் பெருநிலத்துக்கும் இடைப்பட்ட வழியே இந்தியக் கடலிலிருந்து மற்றோர் ஓதமும் வெவ்வேறு நேரத்தில் வந்து கலப்பதால் ஒன்றை ஒன்று அழிக்கின்றன என்றார். இன்றைய அறிவியல் இவ்விளக்கத்தை அப்படியே ஏற்பதில்லை. கடற்குழியின் ஆழமும் வடிவமும் எந்த அலைக்கு இசைந்து ஆடும் என்பதையே முதற்காரணமாகக் கூறுகிறது. ஆயினும் ஓதம் என்பது பல அலைகளின் கூட்டு என்னும் எண்ணத்துக்கு அது வழிகாட்டியது.

முப்பது ஆண்டு நின்று பார்த்தவர்

விதி தெரிந்துவிட்டால் போதுமா? போதாது என்பதை லிவர்பூல் துறை காட்டியது. அங்கே கப்பல் துறைக் கண்காணிப்பாளராக இருந்த வில்லியம் ஹட்சின்சன் கடலில் உழன்று வளர்ந்தவர். அவர் 1764 முதல் 1793 வரை, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள், உயர் ஓதத்தின் நேரத்தையும் உயரத்தையும் இடைவிடாமல் குறித்து வந்தார். அக்குறிப்புகளையும் டேனியல் பெர்னோலி என்னும் கணித அறிஞர் வகுத்த முறையையும் இணைத்து, ஹோல்டன் சகோதரர் 1770 முதல் லிவர்பூல் ஓத அட்டவணையை வெளியிட்டனர். பெர்னோலியின் கணிதம் இல்லையேல் ஹட்சின்சனின் ஏடு வெறும் எண்குவியல். ஹட்சின்சனின் ஏடு இல்லையேல் பெர்னோலியின் கணிதம் எந்தக் கப்பலுக்கும் பயன்படாது.

இப்பணியை உலகளவில் விரித்தவர் கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவெல். 1835-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இரு வாரங்கள், ஒன்பது நாடுகளைச் சேர்ந்த ஏறக்குறைய 700 இடங்களில் ஒரே காலத்தில் ஓதத்தை அளக்கச் செய்தார். அளந்தவருள் பெரும்பாலோர் கடற்காவல் பணியாளர்; பெயர் எழுதப்படாத எளியோர்.

நாகப்பட்டினத்துக் கருவி

பல அலைகளின் கூட்டை மனிதன் கையால் கணக்கிடுவது பெரும்பாடு. அவ்வேலையை இயந்திரத்துக்குத் தந்தவர், பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சன். 1872-ஆம் ஆண்டில் அவர் வகுத்த ஓதக் கணிப்பு இயந்திரத்தில், சந்திரனின் ஒவ்வோர் அசைவுக்கும் கதிரவனின் ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு கப்பி சுழலும். எல்லாக் கப்பிகளின் மீதும் ஓடும் ஒரே கம்பி அவற்றின் கூட்டுத்தொகையைத் தாளில் வளைகோடாக வரையும். ஓராண்டுக்குரிய ஓதத்தைச் சில மணி நேரத்தில் வரைந்து முடிக்கலாம். 1879-இல் இந்தியத் துறைமுகங்களுக்கென்றே எட்வர்ட் ராபர்ட்ஸ் என்பவரின் முயற்சியால் தனி இயந்திரம் ஒன்று லண்டனில் செய்யப்பட்டது.

இயந்திரத்துக்கு உணவு வேண்டுமே! அது கரையிலிருந்து வந்தது. இந்திய நிலஅளவைத் துறையினர் பல துறைகளில் தானே பதிவு செய்யும் ஓதமானிகளை நிறுவினர். அவற்றுள் ஒன்று நாகப்பட்டினத்தில் இருந்தது. மலாயாவுக்குக் கப்பலேறிய தமிழர் பல்லாயிரவர் கடைசியாக மிதித்த மண் நாகப்பட்டினம் அல்லவா? அத்துறையின் ஓதமானி 1881 டிசம்பர் 31-ஆம் நாள் நிக்கோபார் அருகே நிகழ்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த கடல் அலையையும், 1883 ஆகஸ்டில் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தபோது பரவிய அலையையும் தாளில் பதிவு செய்தது. ஓதத்தை அறிவதற்காக நட்ட கருவி, ஓதமல்லாத பேரலைக்கும் சாட்சியாயிற்று.

இரண்டு கரைகள்

இத்துணை அறிவும் கைவந்த பின்னர், இருபதாம் நூற்றாண்டுப் போர் ஒன்றில் இரண்டு கரைகள் இரண்டு பாடங்களைக் கற்பித்தன.

முதலாவது, பசிபிக் பெருங்கடலில் தராவா பவளத்தீவைச் சேர்ந்த பெசியோ என்னும் சிறு தீவு. 1943 நவம்பர் 20-ஆம் நாள் அமெரிக்கப் படை அங்கே இறங்கியது. கரையைச் சுற்றியிருந்த பவளப் பாரைக்கு மேல் படகுகள் மிதந்து செல்லப் போதிய நீர் இருக்கும் என்று திட்டமிட்டவர் எண்ணினர். அவர்களிடம் இருந்தவை பழைய படங்களும் அரைகுறைக் குறிப்புகளுமே. அத்தீவுகளில் நெடுங்காலம் வாழ்ந்த மேஜர் ஹாலந்து என்பவர், அந்நாளில் நீர் போதாது என்று எச்சரித்தார். எனினும் நாள் மாற்றப்படவில்லை. அன்று அரைநிலாச் சிற்றோதம். சந்திரனோ பூமியிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் நாளை நெருங்கியிருந்தது. நீர் பல மணி நேரம் ஏறவே இல்லை. படகுகள் பாரையில் தட்டி நின்றன. வீரர்கள் பலநூறு கெஜம் நீரில் நடந்து சென்று துப்பாக்கிகளுக்கு இரையாயினர். மூன்று நாள் போரில் 1,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர் மாண்டனர். தீவைக் காத்து நின்ற ஜப்பானியருள் மிகச் சிலரே எஞ்சினர். மாண்டோர் அனைவரையும் ஓதமே கொன்றது என்பது பொருந்தாது. ஆயினும் நீரில் நடந்து மடிந்தவரின் கணக்கில் ஓதத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அந்நாளின் ஓதநிலையை 1987-இல் வானநூல் அறிஞர் டொனால்டு ஓல்சன் கணக்கிட்டுத் தெளிவாக்கினார்.

இரண்டாவது கரை பிரான்சின் நார்மண்டி. எதிரி கடலோரத்தில் நட்டிருந்த தடைகள் வெளியே தெரியுமாறு நீர் தாழ்ந்திருக்க வேண்டும். இறங்கிய பின் படகுகள் மீள்வதற்கு நீர் ஏறிக்கொண்டும் இருக்க வேண்டும். அத்தகைய நாளையும் நேரத்தையும் லிவர்பூலை அடுத்த பிட்ஸ்டனில் கணித்தவர், செவிப்புலன் பெரிதும் குன்றியிருந்த ஆர்தர் டூட்சன். எந்தக் கரைக்கான கணக்கு என்பதை மறைத்து ‘இசட் நிலை’ என்னும் பெயரால் மட்டுமே எண்கள் அவருக்கு அனுப்பப்பட்டன. குண்டு விழுந்தாலும் ஒன்றாவது எஞ்சட்டும் என்று இரு இயந்திரங்களையும் தனித்தனி இடத்தில் வைத்தனர். 1944 ஜூன் 6-ஆம் நாள் காலை, மேற்கே இருந்த கரைகளில் 6.30 மணிக்கும் கிழக்கே இருந்தவற்றில் 7.25 மணிக்கும் அதன் பின்னரும் படைகள் இறங்கின. இவ்வேறுபாடு எதனால்? ஓதம் மேற்கிலிருந்து கிழக்காக நகர்ந்து வந்தமையே முதன்மைக் காரணம். பீட் துறவி கூறிய இரண்டாவது செய்தி 1,200 ஆண்டுகளுக்குப் பின்னும் பொய்க்கவில்லை.

கையில் ஏறிய கடல்

போர் முடிந்த சில ஆண்டுகளில் ஓதம் கைக்கடிகாரத்துக்குள் வந்தது. சுவிட்சர்லாந்தின் ஹோயர் நிறுவனம் 1949-இல் ‘சோலுனார்’ என்னும் கைக்கடிகாரத்தை வெளியிட்டது. அமெரிக்காவில் மீன்பிடிப்போருக்கும் வேட்டையாடுவோருக்கும் பொருள் விற்ற அபர்குரோம்பி அண்டு பிட்ச் என்னும் கடைக்காகச் செய்யப்பட்டது அது. முகப்பின் கீழ்ப்பாதியில் வண்ணப் பகுதிகளோடு கூடிய சிறு வட்டு ஒன்று ஏற்றத்தையும் இறக்கத்தையும் காட்டியது. சந்திரனின் நாளுக்கேற்ற பற்சக்கரக் கணக்கைப் போடுவதற்கு நிறுவனத்தார் தம் மகனுடைய பள்ளியின் இயற்பியல் ஆசிரியரை நாடினர் என்பது ஆசிரிய உலகம் மகிழத் தக்க செய்தி.

இத்தகைய கடிகாரத்தைப் பயன்படுத்தும் முறை எளிது. லின் நகரத்துக் கடிகாரம் போல் இது ஓர் ஊருக்குக் கட்டுப்பட்டதன்று. ஏனெனில் துறைக்குரிய எண் இதில் எழுதப்படவில்லை. அணிபவரே அதைத் தர வேண்டும். ஓத அட்டவணையைப் பார்த்தோ, கரையில் நின்று பார்த்தோ, உயர் ஓத வேளையில் வட்டைத் திருப்பிப் பொருத்த வேண்டும். அதன் பின் அது நாள்தோறும் 50 நிமிடம் பின்தங்கித் தானே கணக்கிட்டுச் செல்லும். வேறு துறைக்குப் போனால் மீண்டும் பொருத்த வேண்டும்.

ஓத வட்டம் இல்லாத கடிகாரமும் உதவும். மூழ்குவோர் அணியும் கடிகாரத்தில் சுழலும் வளையம் உண்டு. அதன் குறியை உயர் ஓதம் வந்த நேரத்துக்குத் திருப்பி வைத்தால், நீர் இறங்கத் தொடங்கி எவ்வளவு நேரமாயிற்று என்பது ஒரு பார்வையில் தெரியும். எவ்வளவு இறங்கியிருக்கும் என்பதற்கு மாலுமிகள் பன்னிரண்டில் பங்கு என்னும் எளிய வாய்பாட்டைக் கையாள்வர். மொத்த இறக்கம் 12 அடி என்றால், முதல் மணியில் 1 அடி, இரண்டாம் மணியில் 2, மூன்றிலும் நான்கிலும் மும்மூன்று, ஐந்தில் 2, ஆறில் 1 என நீர் இறங்கும். நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்தில் பாதி நீர் ஓடிவிடுகிறது. படகு தரை தட்டும் ஆபத்தும், நீரோட்டத்தின் வேகமும் அப்போதே மிகுதி.

ஆயினும் கடிகாரம் அறிந்தது சராசரியை மட்டுமே. பேரோத நாட்களில் உயர் ஓதம் நாளுக்கு 50 நிமிடத்துக்கும் குறைவாகவே பின்தங்கும். சிற்றோத நாட்களில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பின்தங்கக்கூடும். அதனால்தான் அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டியே ஓதக் கடிகாரத்தைப் பொருத்த வேண்டும் என்பர். காற்றும் மழை வெள்ளமும் செய்யும் மாற்றத்தையும் அது அறியாது.

நம் கரைகளில்

இக்கடிகாரத்தை மலேசியக் கரைகளில் அணிந்து பார்த்தால் அதன் திறமும் குறையும் ஒருங்கே விளங்கும். மலாக்கா நீரிணையில் ஓதம் நாளைக்கு இருமுறை ஒழுங்காக வருகிறது. போர்ட் கிள்ளானில் பேரோதத்தின்போது ஏற்ற இறக்கம் 4 மீட்டரைத் தாண்டும். அங்கே ஓதக் கடிகாரம் நல்ல துணை. தீபகற்பத்தைச் சுற்றிக் கிழக்குக் கரைக்குச் சென்றாலோ நிலைமை மாறுகிறது. ஒரே நாளின் இரண்டு உயர் ஓதங்கள் ஒத்த உயரம் உடையனவாக இரா. திரங்கானுவை நோக்கிச் செல்லச் செல்ல நாளைக்கு ஓர் ஓதம் வரும் இயல்பே மேலோங்கும். டேவன்போர்ட் டோங்கினில் கண்ட வியப்பின் உறவுதான் இதுவும். 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு முறை சுழலும் வட்டை அங்கே நம்புபவர், வராத ஓதத்துக்குக் காத்திருப்பார்.

இன்று செயற்கைக்கோள்கள் கடல் மட்டத்தை வானிலிருந்து அளக்கின்றன. துறைகள் பலவற்றின் ஓதக் கணக்கைத் தன்னுள் கொண்ட எண்முகக் கைக்கடிகாரங்களும், கைப்பேசிகளும் வந்துவிட்டன. எனினும் அவற்றுள் இருக்கும் ஒவ்வொரு துறையின் எண்ணும் யாரோ ஒருவர் கரையில் அளவுகோலை நட்டு, மழையிலும் இரவிலும் பார்த்து எழுதியதன் பயனே. பரூச்சின் மீனவர், லிவர்பூலின் ஹட்சின்சன், 1835-இல் 700 இடங்களில் நின்ற பெயரறியாப் பணியாளர், நாகப்பட்டினத்து ஓதமானியைக் காத்தவர் ஆகிய அனைவரும் அந்த முகப்புக்குள் இருக்கின்றனர். சந்திரனின் பாதையைக் கணிதம் தரும். பற்சக்கரத்தைத் தொழிற்சாலை தரும். இன்ன துறையில் இன்ன வேளையில் நீர் ஏறும் என்பதைக் கரையில் நின்றவனே தர வேண்டும்.

ஆதலால் கடிகாரத்தைக் கையில் கட்டிய பின்னும் ஓத அட்டவணையைப் பார்ப்பதும், உள்ளூர் மீனவரைக் கேட்பதும் அறிவுடைமை. தராவாவில் இல்லாதிருந்தது கடிகாரம் அன்று. கரையை அறிந்தவன் சொன்ன சொல்லுக்குச் செவி கொடுப்பாரே இல்லாதிருந்தனர்.